கார் ஏ.சி. லைனை எப்போது ஃபிளஷ் செய்ய வேண்டும்? அறிகுறி பார்த்துப் பிரிக்கும் முறை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான்: கூலிங் இல்லை. கூடவே ஒரு வேண்டுகோளும் வரும். “அண்ணே, கேஸ் போட்டுட்டு, லைனையும் ஒரு தடவ ஃபிளஷ் பண்ணிருங்க.” ஃபிளஷ் என்பது, அதாவது லைனுக்குள் திரவம் விட்டுக் கழுவுவது, சர்வீஸில் சேர்ந்த வேலை, செய்தால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏ.சி. லைன் மூடிய சுற்று. உள்ளே கேஸும் ஆயிலும் மட்டும் இருந்தால் அங்கே கழுவ எதுவுமே இல்லை. வேறு ஏதாவது உள்ளே போயிருந்தால், அல்லது உள்ளேயே ஏதாவது அரைந்து உதிர்ந்திருந்தால்தான் ஃபிளஷ். அப்போதும்கூட எதைக் கழுவலாம், எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். காரணம் இல்லாமல் லைனைத் திறந்தால் ஈரம் உள்ளே போவதுதான் மிச்சம்.

கீழே எழுதியிருப்பது ஆர்134ஏ கேஸ் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. பல ஹைபிரிட் வண்டிகளிலும் எலெக்ட்ரிக் வண்டிகளிலும், கேஸை அழுத்தி ஓட்டும் ஏ.சி. கம்ப்ரசரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்குப் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான். நம் கேஜ் (பிரஷர் காட்டும் மீட்டர்) ஹோஸில் ஒட்டியிருக்கும், சாதாரண கார்களுக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் உள்ளே போனாலும் காப்பு கெட்டுவிடும். ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தால் அதற்குப் பயிற்சி எடுத்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கேஜ்

இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே கேஜ் மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். லைனுக்குள் கொஞ்சமாவது கேஸ் திரவமாக இருக்கும்வரை அதன் பிரஷர் வெளி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். 25 டிகிரியில் ஏறக்குறைய 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. கம்ப்ரசருக்கு கேஸ் திரும்பி வரும் பக்கம் லோ, அது கேஸைத் தள்ளும் பக்கம் ஹை; இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்டும். 30 டிகிரி காலையில் 50 காட்டினால் கேஸ் கசிந்து போயிருக்கிறது. கசிவைத் தேடி அடைப்பதுதான் வேலை, ஃபிளஷுக்கு இங்கே இடமில்லை. 97 இருக்க வேண்டிய இடத்தில் 120 காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. மொத்தத்தையும் மெஷினில் எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு (பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), நல்ல கேஸாக நிரப்ப வேண்டும்.

97 காட்டுகிறது என்பதால் கேஸ் அளவு சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் கேஜில் இதே எண்தான். அளவை எடை மட்டும்தான் சொல்லும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத சிலிண்டர் வாங்காதீர்கள். ஆர்134ஏ என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலி சிலிண்டர்களில் ஆர்40 எனப்படும் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது உண்டு. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதுமே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-ல் இப்படிக் கெட்ட கேஸ் ஏறிய குளிர்சாதன கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் காரின் கண்டென்சரும் (முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றுவது), கூலிங் காயிலும் (கேபின் காற்றைக் குளிர்விப்பது) அதே அலுமினியம்தான்.

சரி, ஆறிய பிரஷர் ஒழுங்காக இருக்கிறது. இப்போது இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து ஏ.சி.யை முழுதாகப் போடுங்கள். 35 டிகிரி வெயிலில் லோ 30 முதல் 45 வரை, ஹை 200 முதல் 250 வரை நின்றால் பெரும்பாலான வண்டிகளுக்கு அது சரியான ஓட்டம். இதிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

நன்றாக ஜில்லென்று வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி கூலிங் வருகிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. பிரித்துச் சொல்ல கேஜ்கூட வேண்டாம், கையை வென்ட் முன்னால் வைத்தால் போதும்.

கூலிங் நிற்கும்போது காற்றின் வேகமும் குறைந்தால், கூலிங் காயிலின் வெளிப்பக்கம் பனி மூடியிருக்கிறது. தெர்மோஸ்டாட் அல்லது காயில் சென்சார் வேலை செய்யவில்லை, இல்லையென்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஏ.சி. பட்டனை அணைத்து பிளோயரை மட்டும் ஓடவிட்டால் காற்று மெல்லத் திரும்பும், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும்.

காற்று அதே வேகத்தில் வந்து, சூடாக மட்டும் மாறினால் ஈரம் லைனுக்குள் இருக்கிறது. கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரத்தில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கிறது. அந்த நேரத்தில் லோ கேஜைப் பார்த்தால் முள் பூஜ்யத்துக்குக் கீழே, வேக்கம் பக்கம் இறங்கும். ஏ.சி.யை அணைத்ததும் பனி உருகி வழி திறக்கும்.

இதற்கும் ஃபிளஷ் தேவையில்லை. கேஸை எடுத்து, லைனில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, நீண்ட நேரம் வேக்கம் போட வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது சாதாரணக் காற்றழுத்தத்தில். வேக்கம் பம்ப் அழுத்தத்தை அடியோடு இறக்கும்போது 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாக வெளியேறும். நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவி செய்கிறது. 10 நிமிட வேக்கம் போதாது, 45 நிமிடமாவது வேண்டும்.

லோ கேஜ் வேக்கத்திலேயே கிடக்கிறது, ஓய்வு கொடுத்தாலும் மாறவில்லை

பனி என்றால் உருகிவிடும். உருகாமல் நிற்பது குப்பை. டிரையரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கண்டென்சரிலிருந்து வரும் திரவ லைன் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். டிரையருக்கு முன்னால் சூடு, பின்னால் வியர்வையோ பனியோ என்றால் அடைப்பு டிரையரில். அதுவரை சூடாகவே வந்து வால்வில் மட்டும் பனி கட்டினால் அடைப்பு வால்வில்.

வால்வைக் கழற்றி அதன் துவாரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கிடப்பதைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் எடுத்து, வெயிலில் வைத்து, நகத்தால் நசுக்குங்கள். நசுங்கி இழுபட்டால் பழைய ஹோஸின் உள் ரப்பர் உரிந்து வருகிறது. அந்த ஹோஸை மாற்றாமல் லைனை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி வரும். குட்டிக் குட்டி உருண்டை மணிகள் என்றால் டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பை கிழிந்துவிட்டது. நறநறவென்று, வெயிலில் மினுக்கினால் அலுமினியத் தூள். கம்ப்ரசர் அரைபடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் பேரிங் பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

முதல் இரண்டும் என்றால் மூலத்தை மாற்றிவிட்டு ஃபிளஷ் செய்யலாம், லைன் சுத்தமாகிவிடும். உலோகத் தூள் என்றால் கீழே கம்ப்ரசர் பகுதிக்குப் போங்கள்.

ஹை பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது

300-ஐத் தாண்டினால் பலர் உடனே ‘உள்ளே அடைப்பு, ஃபிளஷ்’ என்கிறார்கள். முதலில் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து, ஃபேனில் கை படாமல் ஒதுங்கி நின்று, கண்டென்சரின் முகத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஹை முள் சட்டென்று 50, 60 பிஎஸ்ஐ இறங்கி, வென்டில் குளிர்ச்சியும் கூடினால் கோளாறு வெளியே இருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதியும் பூச்சியும் கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. பம்பரைக் கழற்றி, மெல்லிய வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினால் தீரும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்து ஃபின்களை மடக்கிவிடாதீர்கள்.

கேஸ் அதிகமாகப் போட்டிருந்தாலும், காற்று கலந்திருந்தாலும் ஹை ஏறும், லோவும் கூடவே ஏறும். கேஸை எடுத்து எடை பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹை ஏறி லோ இறங்கினால்தான் உள் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயம். ஹை சைடு சர்வீஸ் வால்வு கண்டென்சருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், கண்டென்சர் அடைத்திருந்தாலும் ஹை சாதாரணமாகவே காட்டும், குறைவாகக்கூடக் காட்டும். அதனால் கேஜை மட்டும் நம்பாமல் வெப்பத்தை அளந்து பாருங்கள். அகச்சிவப்பு தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் தப்பாகக் காட்டும். அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, அந்த டேப்பை அளங்கள். மேலிருந்து கீழே வெப்பம் படிப்படியாக இறங்கினால் நல்ல கண்டென்சர். கண்டென்சரில் அடுக்காக இருக்கும் தட்டையான பட்டைக் குழாய்களில் ஒன்று கொதிக்க, அதை ஒட்டிய குழாய் ஆறிக் கிடந்தால் அந்த ஆறிய குழாய் வழியே கேஸ் ஓடவில்லை.

ஒவ்வொரு வருடமும் கேஸ் போட்டும் கூலிங் வருடா வருடம் குறைகிறது

கசிவை அடைக்காமல் ஒவ்வொரு முறையும் கேஸோடு கொஞ்சம் ஆயிலும் சேர்த்து ஏற்றிய வண்டிகள் இவை. சிறிய காருக்கு மொத்த ஆயிலே பெரும்பாலும் 100 முதல் 150 மில்லிதான். இரண்டு மடங்கு ஏறினால் அது கூலிங் காயிலின் சுவரில் படலமாகப் படிந்து வெப்பம் மாறுவதைக் கெடுக்கும். கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து அளந்தால் உண்மை தெரியும். ஆயில் தெளிவாக இருந்து அளவு மட்டும் கூடியிருந்தால் ஃபிளஷ் செய்து, ஆயிலைப் புதிதாக அளந்து ஊற்றினால் வண்டி பழைய குளிர்ச்சிக்கு வந்துவிடும். ஃபிளஷ் முழுப் பலன் தரும் இடம் இதுதான்.

லோ அதிகம், ஹை குறைவு என்று காட்டினால் அது வேறு கதை. கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

கம்ப்ரசர் ஜாம், அல்லது உள்ளே கரகர சத்தம்

இங்கேதான் ஃபிளஷ் கட்டாயம். தப்பு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

பழைய கம்ப்ரசரைக் கழற்றியதும் அதிலிருக்கும் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடியுங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ, கசிவு தேடும் யூவி டை (சாயம்) போட்டிருந்தால் பச்சையாகவோ இருந்தால் லைன் பிழைத்தது. பேரிங்கோ மேக்னட் கிளட்ச்சோ மட்டும் போயிருக்கலாம். காபி நிறமென்றால் சூட்டில் கருகியிருக்கிறது. கன்னங்கரேலென்று, டம்ளரைச் சாய்த்தால் அடியில் வெள்ளி மினுக்கம் தெரிந்து, தீய்ந்த வாடையும் அடித்தால் அந்தக் குழம்பு கண்டென்சர்வரை போய்விட்டது. கண்ட்ரோல் வால்வு வைத்த கம்ப்ரசர் என்றால் அந்த வால்வைக் கழற்றி அதன் சின்ன வலையையும் பாருங்கள். லைனில் என்ன ஓடியது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஹேட்ச்பேக் இப்படி வந்தது. வண்டிக்காரருக்குக் கம்ப்ரசர் செலவே பெரிய சுமை. கண்டென்சரையும் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று முறை ஃபிளஷ் செய்தேன். மூன்றாவது முறை துணி வெள்ளையாகவே வந்தது. புதிய கம்ப்ரசர் மாட்டி அனுப்பினேன். 40 நாளில் அதே கரகர சத்தத்தோடு திரும்பி வந்தது. அந்தக் கண்டென்சரை ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டைக் குழாய்க்குள்ளும் வரிசையாகக் குட்டித் துவாரங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சில குழாய்களில் எல்லாத் துவாரமும் கறுப்புக் களிம்பால் அடைந்து கிடந்தன. ஃபிளஷ் திரவம் திறந்திருந்த குழாய்கள் வழியாக மட்டும் சுகமாக ஓடி, சுத்தமாக வெளியே வந்திருக்கிறது. அடைத்த குழாய்களை அது தொடவே இல்லை. வண்டி ஓடும் சூட்டிலும் பிரஷரிலும் அந்தக் களிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதிய கம்ப்ரசருக்குப் போய்விட்டது. இரண்டாவது கம்ப்ரசர் என் செலவு. அவர் திட்டவில்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து உலோகத் தூள் பார்த்த வண்டியில் பட்டைக் குழாய் கண்டென்சரை நான் கழுவுவதில்லை, மாற்றிவிடுகிறேன். ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய வகைக் கண்டென்சரைக் கழுவலாம். டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, ஆரிஃபிஸ் டியூப் (சில வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பதிலாக வரும் சின்னத் துவாரக் குழாய்), நடுவில் புடைத்த மஃப்ளர் உள்ள ஹோஸ் இவற்றையும் கழுவ முடியாது, புதிதுதான். கம்ப்ரசருக்குள் ஃபிளஷ் திரவம் ஒரு சொட்டும் போகக் கூடாது. கழுவ மிஞ்சுவது கூலிங் காயிலும் வெறும் குழாய்களும்தான்.

முதலில் கேஸை ரெக்கவரி மெஷினில் எடுங்கள். காற்றில் திறந்துவிடாதீர்கள். எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் இது. பிறகு எல்லா ஜாயின்டையும் பிரித்து, ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே கழுவுங்கள். மொத்த லைனையும் ஒரே மூச்சில் கழுவினால் ஒரு மூலையில் இருந்த குப்பை அடுத்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான்.

திரவம் ஏ.சி.க்கென்றே விற்பதாக இருக்கட்டும். முன்பு பட்டறைகளில் ஆர்141பி ஓடியது. 32 டிகிரியிலேயே கொதிப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஓசோனைக் கெடுப்பதால் 2020 ஜனவரி 1 முதல் இந்தியா அதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாகப் பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் என்று சிலர் இறங்கியது வருத்தமான விஷயம். அவை ஜாயின்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும், உள்ளே மிச்சம் தங்கும், தீப்பிடிக்கும்.

கேஸ் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் தொடங்குங்கள். குப்பை நுழைந்த வாயிலேயே சிக்கியிருக்கும், வந்த வழியே தள்ளினால்தான் வெளியே வரும். திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் காய்ந்த நைட்ரஜனை 100 பிஎஸ்ஐ-க்குள் வைத்து, விட்டு விட்டுத் தட்டிக் கொடுங்கள். ஒரே சீராக ஊதினால் நடுவில் வழி பிளந்துகொண்டு திரவம் சுவரோரமாகத் தங்கிவிடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது, பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஆக்சிஜன் சிலிண்டரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். வெளிவரும் முனையில் பாட்டில் வைத்து அதன் வாயில் வெள்ளைப் பனியன் துணி கட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ், வேலை திறந்த வெளியில்.

முதல் தட்டலில் துணியில் தார் சொட்டு மாதிரி விழும். அடுத்தடுத்து பழுப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெறும் ஈரம். வெறும் ஈரம் வந்த பிறகும் திசையை மாற்றி இன்னும் ஒரு சுற்று.

பின்சீட்டுக்குத் தனி கூலிங் காயில் உள்ள பெரிய வண்டிகளில் பின் லைனை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் அடியில் ஓடும் அந்த நீளக் குழாய்களிலும் அதே தூள் இருக்கிறது. பின்னால் உள்ள எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற வேண்டும்.

கழுவுவதைவிடக் காயவைப்பதற்கு நேரம் அதிகம் கொடுங்கள். கூலிங் காயிலின் அடி அறையில் திரவம் குளம் மாதிரி நிற்கும். கண்ணாடித் துண்டை முனையில் பிடித்தால் மங்காமல் இருக்கும்வரை, அரை மணி நேரமாவது நைட்ரஜன் ஓடட்டும். மிச்சம் நின்ற திரவம் ஆயிலை நீர்த்துப்போகச் செய்து புதிய கம்ப்ரசரைச் சாகடிக்கும்.

கசிவை அடைக்கும் மருந்து போட்ட வண்டி

டின்னில் வரும் கசிவு அடைப்பான் காற்றும் ஈரமும் பட்டால் இறுகும். லைனைத் திறக்கும்போதே பிசின் மாதிரி இறுகத் தொடங்கும், ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும். ஃபிளஷில் முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யார் என்ன போட்டார்கள் என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வாடை வருகிறது

ஈரத் துணி வாடை கூலிங் காயிலின் வெளிப்பக்கப் பூஞ்சையிலிருந்து வருவது. கேபின் ஃபில்டர், காயில் கிளீனர், அடைத்த டிரெயின் குழாய். கேஸ் லைனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஃபிளஷ் முடித்த பிறகு

எல்லா ஓ-ரிங்கும் புதிது, ஏ.சி. ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். லைன் முழுக்கக் கழுவிவிட்டதால் ஆயிலும் முழு அளவு வேண்டும். புதிய கம்ப்ரசரில் எவ்வளவு இருக்கிறது என்று வடித்து அளந்து, கம்ப்ரசர் லேபிளில் உள்ள அதே கிரேடை மேனுவல் சொல்லும் அளவுக்கு ஊற்றுங்கள். பெல்ட் போடும் முன் கம்ப்ரசரைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். சிலிண்டரில் நிற்கும் ஆயில் விலகாமல் ஸ்டார்ட் செய்தால் வால்வு உடையும்.

வேக்கம் போட்டு பம்பை நிறுத்தியதும் முள்ளைக் கவனியுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரமோ ஃபிளஷ் திரவமோ இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பம்பை மறுபடி ஓட்டுங்கள். அரை மணி நேரம் அசையாமல் நின்றால், பானட் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து அதே எடைக்கு கேஸ் போடுங்கள்.

கம்ப்ரசர் ஜாமாகி வந்த வண்டிக்கு சக்‌ஷன் லைனில் (கம்ப்ரசருக்கு கேஸ் திரும்பும் குழாய்) ஒரு வலை ஃபில்டர் வைத்து அனுப்புகிறேன். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி, கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, அந்த ஃபில்டரை வண்டிக்காரர் முன்னாலேயே கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுகிறேன். துணியில் ஒன்றும் விழவில்லை என்றால் புது டிரையர் ஒன்று போட்டு லைனை மூடிவிடுவேன். மினுக்கம் தெரிந்தால் பணம் வாங்காமல் மறுபடி பிரிப்பேன்.